ஓர் அங்குலம் குறைவு

ஜேம்ஸ்டவுன், வடக்கு டகோட்டா
நவம்பர் 9

அன்புள்ள மாட்டி அண்ணனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். வாடகைக் காரின் ஹீட்டர்தான் நன்றாக இல்லை. உன் தோள் எப்படி? உங்கள் தீவில் மழை பிடித்திருக்கும். மழையில் அது வலிக்கும் என்று எனக்குத் தெரியும். வலிக்கவில்லை என்று நீ எழுதுவாய் என்பதும் தெரியும்.

நம் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி எழுதாதே என்று நீ சொல்லிப் பல வருடம் ஆகிறது. நானும் எழுதவில்லை. ஆனால் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பையன்கள் விளையாடுவதைப் பார்த்து, யாரை எடுக்கலாம் என்று டொலிடோ அணிக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதை விட்டுவிட்டு எழுதினால் வானிலை மட்டுமே மிஞ்சுகிறது. இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்.

நேற்று ஓர் ஆட்டத்துக்குப் போனேன். எதிராளியைத் தாண்டிப் பாய்ந்து, பந்தை எறிகிறவனை வீழ்த்துவதில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கிய ஒருவனைப் பார்க்கத்தான் போனேன். மதியம் முழுவதும் அவனைக் காணவே காணோம். உடம்பு சரியில்லையோ, ஆட்டத்தில் இல்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது. பிறகுதான் அவன் ஏன் கண்ணில் படவில்லை என்று பார்த்தேன். அவன் முன்னால் ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

எய்னார் ப்ரெக்கே. சின்ன லூத்தரன் கல்லூரி. தன் அணியில் பந்தை எறிகிறவனின் முதுகுப் பக்கத்தைக் காக்க, இடது ஓரத்தில் நிற்கிறவன். அந்தப் பெரிய உடம்புக்கு அப்படியொரு கால். அவசரமே இல்லை. நம் தெருப் பால்காரர் உறைபனியில் நடந்து வருவாரே, அந்த மாதிரி வைக்கிறான்.

சாயங்காலம் அவன் அம்மா நடத்தும், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் கூடத்துக்குப் போனேன். லோர்னா ப்ரெக்கே என் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"டொலிடோலேர்ந்தா? அவ்வளவு தூரமா? வழி தப்பி வந்துட்டீங்க போல."

"இல்ல, உங்க பையனைத்தான் பாக்க வந்தேன்."

"அவன் கட்டை அடுக்கற மிஷினுக்குப் பின்னாடி படுத்திருக்கான். கட்டை விழமாட்டேங்குது. முதல்ல சாப்பிடுங்க, அவன் எங்கயும் ஓடமாட்டான்."

ஒரு சிக்கல்தான். கல்லூரியில் அளந்தபோது அவன் கை முப்பத்திரண்டு அங்குலம்தான் வந்திருக்கிறது. முப்பத்து மூன்றுக்குக் கீழே இருந்தால் இடது ஓரத்துக்கு ஆகாது என்பது எங்கள் தொழிலில் சட்டம் மாதிரி. புதிதாக வந்திருக்கும் பொது மேலாளர் டிலார்டுக்கு போன் செய்தேன். "கையே இல்லாதவனை எதுக்கும்மா காட்டுறீங்க?" என்றார். என் ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது. ஆட்களைக் குறைக்கப் போகிறார் என்று அலுவலகத்தில் பேச்சு.

கதகதப்பாக இரு. எண்ணெயில் பொரித்த மீனோடு கொஞ்சம் காய்கறியும் சாப்பிடு.

உன்
இலோனா


கோடியாக் தீவு
நவம்பர் 30

இலோ,

தோள் வலிக்கவில்லை.

உன் கடிதம் பதினொரு நாள் விமான நிலையத்தில் காற்று குறைவதற்காகக் காத்திருந்தது. நான் சௌக்கியம். இந்த வாரம் மூன்று படகு எஞ்சின்களைப் பிரித்து, இரண்டைத் திரும்பச் சேர்த்தேன். மூன்றாவதன் சொந்தக்காரர் தினமும் வந்து பக்கத்தில் நிற்கிறார், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற மாதிரி.

கால்பந்தைப் பற்றி எழுதினால் எனக்கு ஒன்றும் ஆகிவிடாது. எனக்கு அதில் அக்கறை இல்லை, அவ்வளவுதான். கடைக்கார நினா டிஷ் ஒன்றை மாட்டி, ஞாயிற்றுக்கிழமையானால் ஆட்டத்தைச் சத்தமாக வைக்கிறாள். நான் ஆணி வாங்கப் போவேன், வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

நீ உன் வேலையைக் காப்பாற்றிக்கொள். டொலிடோவுக்காக யாரும் தலையைக் கொடுக்கத் தேவையில்லை. நம் வீட்டிலிருந்து ஒரு தலை கொடுத்தாயிற்று.

சும்மா ஒன்று கேட்கிறேன். அவர்கள் என்னை எடுத்த வருடம் உனக்கு இந்த வேலை இருந்திருந்தால், என்னைப் பற்றி என்ன எழுதிக் கொடுத்திருப்பாய்? பதில் எழுதியே ஆகவேண்டும் என்றில்லை.

மீனோடு உருளைக்கிழங்கு சாப்பிடுகிறேன். அதுவும் காய்கறிதான்.

மாட்டி


டொலிடோ
ஜனவரி 17

அன்புள்ள அண்ணா,

உன் பெட்டியில் வந்த புகைபோட்ட மீனை இரண்டு நாளில் தின்று முடித்தேன். வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. அம்மாவின் புளிச்செர்ரி மரத்தில் ஒரு கிளை பனியில் முறிந்தது. பின்கதவுச் சாவி இன்னும் அந்தச் செங்கலுக்கு அடியில்தான். இந்தத் தெருவில் திருடுகிறவனுக்குக்கூட அது தெரியும் என்று நினைக்கிறேன். நாகரிகம் கருதி வராமல் இருக்கிறான்.

மறுபடி டகோட்டா போனேன். நடந்ததைக் கேள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எய்னார் எனக்கு ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தான். இடது கையால் வைத்தான். நடுவிரலின் மேல் கணு இல்லை.

"இது எப்போ போச்சு?"

"சின்ன வயசுல, மேடம். மூணாம் தடத்து மிஷின்ல."

"அந்த மிஷினுக்கு அவன் விரல் ஒத்துக்கிச்சு," என்றாள் லோர்னா கல்லாவிலிருந்து. "அதுலேர்ந்து ஒரு நாள்கூட நின்னதில்ல."

நான் முள்கரண்டியைக் கீழே வைத்தேன். கையை எப்படி அளக்கிறார்கள் என்று உனக்கே தெரியும். தோள் எலும்பில் நாடாவை வைத்து நடுவிரல் நுனிவரை. அளப்பது இடது கையைத்தான். அது ஏன் என்று யாருக்கும் தெரியாது, எப்போதும் அப்படித்தான். நாடா பிடித்தவர் விரல் எங்கே முடிந்ததோ அங்கே எண்ணைப் படித்துவிட்டுப் போயிருக்கிறார். விரல் போன விஷயம் மருத்துவர் தாளில் இருக்கிறது, கையின் நீளம் அளவுத் தாளில் இருக்கிறது. இரண்டையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

"அளக்கிறப்போ நீ சொல்லலியா?"

"அவங்க கேக்கலியே, மேடம்."

வலது கையை நானே அளந்தேன். கல்லாவில் கிடந்த தையல் நாடா. முப்பத்து மூன்றுக்கு மேலேயே இருக்கிறது. இந்த ஓர் அங்குலத்துக்காகத்தான் நாடு முழுக்க முப்பது அணிகள் அவனை ஓரம் கட்டியிருக்கின்றன. எதிராளி நெஞ்சில் கையை வைத்துத் தள்ளுகிறவனுக்கு நடுவிரல் நுனி எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை.

ராத்திரி விடுதியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

குளிர் கடுமையாக இருக்கும். பார்த்துக்கொள்.

இலோனா


கோடியாக் தீவு
பிப்ரவரி 21

இலோ,

நலமாக இருக்கிறேன். சளி பிடித்தது, விட்டது.

விரல் கதையை நினா கடையில் சொன்னேன். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு விரலில் கணக்குக் குறைகிறது. வலை இழுக்கும் வின்ச்சில் ஒன்று, கயிற்றில் ஒன்று. "அப்போ நாங்க யாரும் டொலிடோவுக்கு ஆகமாட்டோமா?" என்று வருத்தப்பட்டார்கள். உன் பையனுக்கு இங்கே ஒரு பெரிய ரசிகர் கூட்டம் உருவாகிவிட்டது. ஆட்டத்தையே பார்க்காமல்.

போன கடிதத்தில் நான் ஒன்று கேட்டிருந்தேன். அந்தத் தாள் மட்டும் விமானத்திலிருந்து கடலில் விழுந்திருக்கலாம். இங்கே அது அடிக்கடி நடக்கும்.

செர்ரி முறிந்த இடத்தில் தார் பூசு. இல்லாவிட்டால் உள்ளே அழுகும்.

மாட்டி


டொலிடோ
ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணா,

நீ சுகமா? நான் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, ஆனால் சுகம். தார் பூசிவிட்டேன்.

எடுத்துவிட்டோம்.

முறையாகச் சொல்கிறேன். நீ போனபிறகு வந்த பழக்கம் ஒன்று இருக்கிறது. அறையின் சுவரில் எல்லாப் பையன்களின் பெயரும் அட்டை அட்டையாக ஒட்டியிருக்கும். ஆள் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒரு மஞ்சள் வட்டம் கொடுப்பார்கள். ஓர் அட்டையில் அதை ஒட்டினால், இவனுக்கு நான் பொறுப்பு, இவன் தோற்றால் என்னைக் கேளுங்கள் என்று அர்த்தம். பலர் வட்டத்தை மேஜை டிராயரிலேயே பத்திரமாக வைத்திருப்பார்கள். நான் கடைசியாக ஒட்டியவன் இப்போது டேட்டனில் டயர் விற்கிறான். நல்ல டயர், நானே நான்கு வாங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு நான் ஒட்டவில்லை.

அணிகள் முறைவைத்து ஆள் எடுக்கும் ஏழு சுற்றில், முதலாவதில் ஜேரல் விட்காமை எடுத்தோம். இவனும் இடது ஓரம்தான். கை முழங்காலைத் தொடுகிறது. நல்ல பையன், எனக்கும் பிடித்தவன். அறையில் ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும்தான். இப்படி ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லாதபோதுதான் நான் பழைய தாள்களை மறுபடி எடுத்துப் பார்ப்பேன்.

ஆறாம் சுற்றில் விரல் விஷயத்தைச் சொன்னேன். டிலார்ட் கண்ணாடியைக் கழற்றினார்.

"இல்லாத விரலையும் சேத்துக்கணுமா? அப்போ உயரத்தைத் தொப்பியோட அளந்துடலாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான், நானும் சிரித்தேன். ஆனால் அட்டையில் இருந்த எண்ணை யாரும் மாற்றவில்லை. பதிவான எண் பதிவான எண்தான்.

ஏழாவது, கடைசிச் சுற்று. எங்கள் முறை வந்தது. யாருக்கும் யாரும் வேண்டியிருக்கவில்லை. பலர் வீட்டுக்குக் கிளம்பக் கோட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்துபோய் ப்ரெக்கேயின் அட்டையில் மஞ்சள் வட்டத்தை ஒட்டினேன். கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டியது.

டிலார்ட் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி. ஆனா ஒண்ணு. ஆகஸ்டுல இவனை வெளிய அனுப்பினா நீங்களும் பொட்டியைக் கட்டிடணும். அதுவரைக்கும் உங்க ஒப்பந்தத்தை நீட்டுறேன். சம்மதமா?"

"சம்மதம்."

பையனுக்கு போன் செய்யும் வேலையும் எனக்கே வந்தது. லோர்னா எடுத்தாள். பின்னால் ஒரே உருட்டல் சத்தம்.

"போட்டி நடந்துட்டிருக்கு. அப்புறமா கூப்பிடறீங்களா?"

"லோர்னா, நான் இலோனா. டொலிடோலேர்ந்து."

பிறகு ஏதோ பெரிய பொத்தானை அமுக்கும் சத்தம் கேட்டது. எல்லா மிஷின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஆட்டக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். "வாயை மூடுங்க எல்லாரும்," என்று அவள் கத்தியது எங்கள் அறை முழுக்கக் கேட்டது. "எய்னார், மிஷினுக்கு அடியிலேர்ந்து வாடா."

உன்
இலோனா


கோடியாக் தீவு
மே 25

இலோ,

இங்கே சுகம். சால்மன் வரத் தொடங்கிவிட்டது, இனி செப்டம்பர்வரை எழுத நேரம் இருக்காது. அதனால் இதை இப்போதே எழுதுகிறேன்.

நல்ல காரியம் செய்தாய். நினா கடையில் உன் பையன் பெயரைச் சொல்லிக் காபி குடித்தார்கள்.

என் நாளை நினைத்துக்கொண்டேன். பந்தை எறிகிறவனாக, நாடு முழுவதற்கும் மூன்றாவதாக என் பெயர். அதுவும் சொந்த ஊர். அம்மா தெருவுக்கே முட்டைக்கோஸ் உருண்டை செய்தாள். கேமராக்காரர்கள் அவள் சமையல் மேடைமேல் ஏறி நின்றார்கள். அவள் அவர்களுக்கும் தட்டு நீட்டினாள். தேவாலயத்து மணியை அடித்தார்கள். மூன்று வருடம் தோற்ற பிறகு, அதே தெருவில் ஒரு மதுக்கடையில் அம்பு எறியும் பலகையில் என் படம் இருந்தது. கண்ணில் எறிந்தால் கூடுதல் புள்ளி.

அந்தப் பையனுக்கு மணி அடிக்காதீர்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

என் தோள்? மீன் வரும் காலத்தில் எல்லாருடைய தோளும் வலிக்கும், அதனால் கணக்கில் வராது.

மாட்டி


டொலிடோ
செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணா,

மீன் காலம் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு எடை கொஞ்சம் குறைந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

ஜூலைப் பயிற்சி முகாமில் முதல் வாரம் எய்னாரை எல்லாரும் கடந்து போனார்கள். அகதிகள் எல்லை தாண்டுகிற மாதிரி. கல்லூரியில் அவன் பார்க்காத வேகம். மாலையில் டிலார்ட் என் நாற்காலி அருகே வந்து நின்று, தன் நடுவிரலை மட்டும் மடக்கிக் காட்டிவிட்டுப் போவார். இரண்டாம் வாரம் கொஞ்சம் பேர் கடந்தார்கள். நான்காம் வாரம் முதல் சுற்றுக்காரன் விட்காமைத் தினமும் எதிர்க்கும் பையன்கள், "எங்களை ப்ரெக்கே பக்கம் போடாதீங்க," என்று கோச்சிடம் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆனாலும் ஆள் குறைக்கும் நாள் வந்தது. உனக்குத் தெரியும், விடியற்காலையில் ஒருவர் அறை அறையாகப் போய்க் கதவைத் தட்டி, "கோச் கூப்பிடறார், ஆட்டப் பொஸ்தகத்தை எடுத்துட்டு வா," என்பார். நான் மேஜையைக் காலி செய்து ஒரு பெட்டியில் வைத்திருந்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை: ஒரு கோப்பை, அம்மா படம், காலுறை.

மதியம் எய்னார் என் வாசலில் வந்து நின்றான். தோளில் பை, கையில் ஆட்டப் புத்தகம்.

"மேடம், விடிஞ்சதுலேர்ந்து கட்டிலில் உக்காந்திருக்கேன். யாரும் வரலை. என்னை மறந்துட்டாங்களா?"

"யாரும் வரலைன்னா என்ன அர்த்தம் தெரியுமா உனக்கு?"

"தெரியாது, மேடம்."

"நீ அணியில இருக்கேன்னு அர்த்தம்."

அவன் பையைக் கீழே வைத்தான். என் பெட்டியைப் பார்த்தான். "நீங்க எங்க போறீங்க?" என்றான்.

நானும் எங்கும் போகவில்லை. டிலார்ட் போகிற போக்கில் தலையை நீட்டி, "பொட்டியைப் பிரிச்சிடுங்க. இப்போதைக்கு," என்றார். எய்னாருக்கு இடம் கிடைத்தது மாற்று ஆளாகத்தான். ஆனால் கிடைத்தது.

நீ எழுது. கோடையில் உன் மௌனம் வழக்கம்தான். ஆனாலும் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

இலோனா


கோடியாக் தீவு
அக்டோபர் 24

இலோ,

உயிரோடு இருக்கிறேன். மீன் நிறைய, தூக்கம் கொஞ்சம். காலுறையைத் திரும்ப டிராயரில் வைத்தாயா?

அவன் இருந்துவிட்டது நல்லது. ஆனால் ஒன்று சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும். மாற்றாக இறங்கும்போது, பந்து நகர்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அந்த எழுபத்தோராம் எண்காரன் இடது குதிகாலைத் தூக்கிவிடுகிறான். எதிராளி கெட்டிக்காரனாக இருந்தால் அதைப் படித்துவிடுவான். மற்றபடி கால் பிரமாதம். நீ எழுதியது சரி, பால்காரர்தான்.

இங்கே முதல் பனி. ஆணி நிறைய வாங்கி வைத்திருக்கிறேன்.

மாட்டி


டொலிடோ
டிசம்பர் 16

அன்புள்ள அண்ணா,

கால், கை, தலை எல்லாம் நலம். உன் நலத்தைப் பற்றி நான் இனிமேல் விசாரிக்கப் போவதில்லை. எப்படியும் பொய்தான் வரும்.

ஏனென்றால் எய்னாரின் எண்ணை நான் உனக்கு எழுதவே இல்லை. என் கடிதங்களை எத்தனை தடவை புரட்டினாலும் அதில் எழுபத்தொன்று கிடைக்காது. இந்த வருடம் எவ்வளவு ஆணி வாங்கினாய், மாட்டி?

குதிகாலைக் கோச்சும் பார்த்திருந்தார். இப்போது தூக்குவதில்லை.

நீ பார்த்திருப்பாய், இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு நடந்த மாதிரி இருக்கும். விட்காமுக்கு ஓரத்தில் வேகம் பிடிபடவில்லை. அந்த நீளக் கையை எங்கே வைப்பது என்று அவனுக்கே தெரியவில்லை. கோச் அவனை உள்பக்கத்துக்கு நகர்த்தினார். எய்னாரை இடது ஓரத்தில் நிறுத்தினார். எதிரில் சான் அன்டோனியோவின் டாரியஸ் மன்க், பந்தை எறிகிறவனை வீழ்த்துவதில் பேர்போனவன். எல்லா அணியும் அவனுக்கு இரண்டு ஆள் போடும். நாங்கள் ஒன்று போட்டோம். பின் இருக்கைக்காரர் என் காதுபடவே, "ஏழாம் சுற்றுப் பையனை இவன்கிட்ட விட்டிருக்காங்க. கோழியை நரிகிட்ட ஒப்படைச்ச மாதிரி," என்றார்.

இடைவேளைவரை மன்க்கின் பெயரை அறிவிப்பாளர் சொல்லவில்லை. மூன்றாம் கால் பகுதியில் அதே ஆள் முன்னால் குனிந்து, "மன்க் இன்னிக்கு ஆடலையா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆடறார். அவருக்கு முன்னாடி ஒருத்தன் நிக்கறான்," என்றேன். ஒரு வருடமாக இந்த வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெயித்தோம். அதற்குப் பிறகு எல்லா ஆட்டமும் ஜெயித்தோம். விட்காமும் உள்பக்கத்தில் அருமையாக ஆடுகிறான். அங்கே அவனை எடுப்பது பற்றி யாருமே யோசித்திருக்கவில்லை. ஜனவரியில் பட்டத்துக்கான வெளியேற்றச் சுற்று, நம் ஊரில். எத்தனை வருடம் ஆயிற்று தெரியுமா? தெரியும் உனக்கு. நேற்று அலுவலகம் போனபோது என் கதவில் அந்த மஞ்சள் வட்டம் ஒட்டியிருந்தது. ஒட்டியவர் டிலார்ட். மேஜையில் மூன்று வருட ஒப்பந்தம் இருந்தது. கல்லூரிப் பையன்களைத் தேடும் பிரிவுக்கு நான் தலைவி.

இனி, உன்னைப் பற்றி என்ன எழுதிக் கொடுத்திருப்பேன் என்று நீ கேட்டதற்கு வருகிறேன். அந்தத் தாள் கடலில் விழவில்லை. என்னிடம்தான் இருந்தது.

நான் இப்படி எழுதியிருப்பேன்: "கை அபாரம். மனம் நல்லது. எடுக்கலாம், இவன் முன்னால் நிறுத்த நம்மிடம் ஆட்கள் இருந்தால். இல்லையென்றால் வேறு யாராவது எடுக்கட்டும், இவன் பிழைத்துப் போகட்டும்."

இதைச் சொல்லாமல் இருந்தால் நான் எழுதியது பாதிதான்: முதல் வருடம் நீ தூரத்தைப் பார்த்தாய். மூன்றாம் வருடம் உன் கண், உன்மேல் பாய வருகிறவர்களைப் பார்த்தது. மதுக்கடையில் அதற்குப் பயம் என்று பேர் வைத்தார்கள். நான் ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவோடு மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அது பயமில்லை. தரையில் அத்தனை தடவை விழுந்த எவனும் கற்றுக்கொள்கிற பாடம். அதை எந்த நாடாவும் முன்கூட்டி அளந்திருக்காது.

"ஏன் எப்பவும் முன்னாடி நிக்கற இந்தத் தடியன்களையே பாத்துட்டிருக்கீங்க?" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். நான் சிரித்துவிட்டுப் போவேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கும் உன் அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். வழக்கம்போல.

உன்
இலோனா


டொலிடோ, நம் சமையலறை மேஜை
ஜனவரி 12

இலோ,

தோள் வலிக்கிறது. சத்தியமாக. மூன்று விமானம், அதற்குப் பிறகு உன் மைதானத்துப் பிளாஸ்டிக் நாற்காலி.

மேல் வரிசையில் இடம் வாங்கினேன், நீயும் அம்மாவும் உட்கார்ந்த பக்கம். தாடியும் தொப்பியும் இருந்ததால் யாருக்கும் என்னைத் தெரியவில்லை என்று நினைத்தேன். பக்கத்தில் ஒரு கிழவர் மட்டும் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் கால் பகுதியில் என் பக்கம் சாய்ந்து, "நீ யூஹாஸ் பையன்தானே?" என்றார். தொப்பியை இன்னும் கீழே இழுத்தேன். ஆமாம் என்றேன். அவர் மைதானத்தில் எழுபத்தொன்றைக் காட்டினார்.

"அப்போ உனக்கு முன்னாடி இந்த மாதிரி ஒருத்தன் இருந்திருக்கணும்டா," என்றார். பிறகு தன் வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

இலோ, நான் பந்தைப் பார்க்கவே இல்லை. எழுபத்தொன்றை மட்டும் பார்த்தேன். கடைசி நிமிடங்களில், நாம் பின்தங்கியிருந்தபோது, உங்கள் அணியில் பந்தை எறிகிறவன் பின்னால் போய் நின்றான். பந்தை வாங்க வேண்டிய முதல் ஆளைப் பார்த்தான், அவனுக்கு வழியில்லை. இரண்டாம் ஆளைப் பார்த்தான், அவனுக்கும் இல்லை. அவன் முதுகுப் பக்கத்தில் யாரும் வரவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். அவன் மூன்றாவது ஆளைப் பார்த்தான். கடையில் தக்காளி பொறுக்குகிறவனைப் போல, அவ்வளவு நிதானமாக. இந்த விளையாட்டில் மூன்றாவது ஆள் ஒருவன் உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

எறிந்தான். மைதானமே எழுந்ததில் கிழவர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். நானும் ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை; தொண்டை போய்விட்டது.

நீ ஏன் அந்தத் தடியன்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. அதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

நீ இன்னும் மைதானத்தில் எல்லாரோடும் கொண்டாடிக்கொண்டிருப்பாய். சாவி செங்கலுக்கு அடியில்தான் இருந்தது. அடுப்பில் கோழியும் மிளகாய்ப்பொடிக் குழம்பும். அம்மா செய்வதுபோல் இல்லை, ஆனால் நிறைய இருக்கிறது. பெரிய சட்டியில்தான் செய்தேன். அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு வா. அவன் அம்மா வந்திருந்தால் அவளையும்.

நான் மாடியில் என் அறையில் தூங்குகிறேன். வந்ததும் எழுப்பு. நான் இன்னும் அவன் கையைக் குலுக்கவில்லை. இடது கையைத்தான் குலுக்கப் போகிறேன்.

மாட்டி